பாரதியின் சிவாஜியும் நம் மாணவரும்

பாரதியின் 'சத்ரபதி சிவாஜி' கவிதையைப் புல்மோட்டையில் கற்பிப்பது எளிதன்று. எதிரே அமர்ந்திருப்போருட் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவர். கவிதையோ அவர்தம் சமயத்தாரை 'மிலேச்சர்' என இழிக்கின்றது. அது சிவாஜியின் கூற்று, கவிஞன் கூற்றன்று எனச் சமாதானம் சொல்வாருளர். நாம் அதனை ஏற்கோம். 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை அடுத்தெழுந்த சுதேசிய வேகத்தில், ஆங்கிலேயனுக்கெதிராக மக்களை எழுப்பவே பாரதி மராட்டிய வீரனைப் பாடினார். வசையோ ஆள்பவன்மீது விழவில்லை. தம்மோடு அடிமைப்பட்டுக் கிடந்த அயலவன்மீதே விழுந்தது. இது கவிதையின் அரசியற் குறை, அதனாற் கலைக்குறையுமாம்.

அதற்காகக் கவிதையை மறைத்துவிடலாமா? மறைத்தால் அதனோடு வேறொன்றும் மறைந்துவிடும். 1906இல் 'இந்தியா' பத்திரிகையில் இதனை வெளியிட்டபோதே, முஸ்லிம் சகோதரருக்கு மாறான சொற்கள் நேர்ந்தமைக்கு வருத்தந் தெரிவித்துக் குறிப்பும் எழுதினார் பாரதி. குறிப்பு எழுதினாரேயன்றிச் சொற்களை நீக்கினாரல்லர். (ஏன் நீக்கவில்லை என மாணவர் கேளாது விடார், கேட்கவும் வேண்டும்.)

1920இலோ நிலை வேறு. 'ரெயில்வே ஸ்தானம்' கதையில், சகோதரியர் மூவரை மணந்த முஸ்லிம் ஒருவரைப் படைத்தார். மனைவி உயிரோடிருக்க அவள் உடன்பிறந்தாளை மணத்தல் இஸ்லாமிய முறையன்று என முஸ்லிம் நண்பரொருவர் எடுத்துக்காட்ட, அத்திருத்தத்தையும் கதையின் பின்னே எழுதிச் சேர்த்தார். அவ்வாண்டே பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மகிமையைப் பேசினார். வகுப்பில் நாம் அக்கவிதையையும் இக்கதையையும் அடுத்தடுத்தே படிக்கின்றோம்.