ஒரே பெயரில் இரு வன்தட்டுகள்: டபிள்யூ.டி. ரெட் 4 டெராபைட் – ஓர் ஒப்பீட்டு விமர்சனம்

டபிள்யூ.டி. ரெட் என்பது வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வலையமைப்புச் சேமிப்பகங்களுக்காக (நாஸ்) விற்கும் வன்தட்டு வரிசையாகும். இவ்வரிசையில் 4 டெராபைட் கொள்ளளவு கொண்ட இரு வன்தட்டுகள் ஒரே பெயரில் விற்பனைக்கு வந்தன. ஒன்றின் மாதிரி எண் 40 இ.எப்.ஆர்.எக்ஸ்.; மற்றொன்றின் எண் 40 இ.எப்.ஏ.எக்ஸ். ஓர் எழுத்து மட்டுமே வேறு. உள்ளே தகவல் எழுதப்படும் முறையோ முற்றிலும் வேறு. அந்த வேறுபாடு 2020 ஏப்ரல் வரை வாங்குவோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஒன்றுபோல் தோன்றும் இரு வன்தட்டுகளில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு இந்த இணையே சிறந்த பாடமாக அமைகிறது.

பின்புலம்

காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையம் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இத்தகைய தொழில் நகரங்களில் வன்தட்டு இன்று கணினி மையங்களுக்கு மட்டும் உரிய பொருளன்று. தறிக்கூடத்தின் கணக்கும் துணி வடிவமைப்புக் கோப்புகளும், ஒளிப்பட நிலையத்தின் திருமணப் படங்களும், கிடங்கு வாசலில் உள்ள கண்காணிப்புக் கேமராவின் பதிவும், பள்ளி ஆய்வகக் கணினியின் பாடங்களும் வன்தட்டில்தான் உள்ளன. வாங்குபவர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஈரோட்டுக் கடைக்குச் சென்றாலும், இணையத்தில் வாங்கினாலும், அவர் முன் வைக்கப்படுவன மூன்று எண்களே: கொள்ளளவு, விலை, உத்தரவாத ஆண்டுகள். இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று முடிவு செய்வது இயல்பு. அந்த முடிவு எப்போது பிழையாகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இரண்டு பதிவு முறைகள்

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சு கொண்ட வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் வட்ட வட்டமான தடங்களில் தகவல் எழுதப்படுகிறது. வழக்கமான முறையில் ஒவ்வொரு தடமும் அடுத்த தடத்தைத் தொடாமல் தனித்து நிற்கும். இது சி.எம்.ஆர். எனப்படுகிறது. எந்தத் தடத்தையும் பக்கத்துத் தடத்தைப் பாதிக்காமல் அழித்து எழுதலாம்.

எழுதும் முனை அகலமானது. படிக்கும் முனை குறுகியது. படிப்பதற்குக் குறுகிய தடமே போதும் என்பதால், எழுதும்போது ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறுமாறு நெருக்கி எழுதலாம். இது எஸ்.எம்.ஆர். எனப்படும் அடுக்குத்தட முறை. ஓட்டு வீட்டின் கூரையை இதற்கு ஒப்பிடலாம். ஒரு வரிசை ஓட்டின் மேல் அடுத்த வரிசை ஏறி நிற்பதால் ஓடு வேய்வது எளிது. நடுவில் ஓர் ஓடு உடைந்தால் அதன்மேல் ஏறியுள்ள ஓடுகளைத் தூக்காமல் மாற்ற முடியாது. அதுபோலவே எஸ்.எம்.ஆர். தட்டில் நடுவிலுள்ள ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால், அதைத் தொடர்ந்து அடுக்கப்பட்ட தடங்களையும் படித்து வைத்துக்கொண்டு மீண்டும் எழுத வேண்டும்.

தடங்கள் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் இந்த வேலை ஒரு பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. மேலும், புதிதாக வரும் தகவலை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் இட்டு, பயனர் ஓய்வாக இருக்கும்போது உரிய இடத்துக்கு மாற்றும் பணியை வன்தட்டே செய்துகொள்கிறது. ஓய்வு கிடைக்கும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். ஓய்வின்றி எழுதினால் தற்காலிகப் பகுதி நிரம்பிவிடும். வேகம் திடீரெனச் சரியும்.

இந்த முறை புதியதோ மறைவானதோ அன்று. சீகேட் நிறுவனம் 2013-இலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எஸ்.எம்.ஆர். வன்தட்டுகளை அனுப்பியதாக அறிவித்தது. ஆவணக் காப்புக்கென அது வெளியிட்ட 8 டெராபைட் வன்தட்டில் இம்முறை வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டது. வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கினர்.

விவர அட்டை சொல்வதும் சொல்லாததும்

இரு ரெட் வன்தட்டுகளின் விவர அட்டைகளை அருகருகே வைத்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கொள்ளளவு இரண்டிலும் 4 டெராபைட். உத்தரவாதம் இரண்டுக்கும் 3 ஆண்டுகள். ஆண்டுக்கு 180 டெராபைட் வரையிலான பணிச்சுமைக்கு ஏற்றவை என்பதும் பொது. இ.எப்.ஆர்.எக்ஸ். மாதிரியின் கேச் நினைவகம் 64 மெகாபைட், இ.எப்.ஏ.எக்ஸ். மாதிரியில் 256 மெகாபைட். அறிவிக்கப்பட்ட உச்ச வேகம் முன்னதில் நொடிக்கு 150 மெகாபைட்; பின்னதில் 180.

இந்த எண்களை மட்டும் பார்க்கும் மாணவர் எவரும் இ.எப்.ஏ.எக்ஸ். மாதிரியையே தேர்வார். கேச் நான்கு மடங்கு, வேகமும் கூடுதல். உண்மையில் இது எஸ்.எம்.ஆர். வன்தட்டு, எண்களில் பின்தங்கிய இ.எப்.ஆர்.எக்ஸ்.தான் சி.எம்.ஆர். எஸ்.எம்.ஆர். வன்தட்டுக்குப் பெரிய கேச் தேவைப்படுவதற்கு ஒரு காரணம், திருத்தி எழுதும் சுமையைத் தாங்க வேண்டியிருப்பதே. ஒரு குறையை ஈடுகட்ட வைக்கப்பட்டது விவர அட்டையில் கூடுதல் சிறப்பாகக் காட்சியளிக்கிறது. உச்ச வேகமும் தொடர்ச்சியான, இடையூறற்ற வாசிப்பு, எழுத்துக்கான எண். சுமை ஏறும்போது என்ன நடக்கும் என்பதை அது கூறாது. எண் பெரிதானால் தரமும் பெரிது என்ற எளிய கணக்கு இங்கே தவறான விடையைத் தருகிறது.

மீளமைப்புச் சோதனை

நாஸ் கருவிகளில் பல வன்தட்டுகள் ரெய்டு என்னும் முறையில் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. ஒன்று பழுதானால் புதிய வன்தட்டைப் பொருத்த வேண்டும். மற்றவற்றில் உள்ள தகவலிலிருந்து கணக்கிட்டு, புதியதில் முழுவதும் எழுதப்படும். இதுவே மீளமைப்பு. 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினால்கூட ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். அதாவது, எஸ்.எம்.ஆர். முறைக்குத் தேவையான ஓய்வு சிறிதும் கிடைக்காத வேலை இது.

2020-இல் சர்வ் தி ஹோம் என்ற தொழில்நுட்பத் தளம் இசட்.எப்.எஸ். கோப்பு முறைமையில் இச்சோதனையைச் செய்தது. சி.எம்.ஆர். வன்தட்டுகள் ஒரு நாளுக்குள் பணியை முடித்தன. இ.எப்.ஏ.எக்ஸ். மாதிரிக்கு ஏறத்தாழ 230 மணி நேரம், அதாவது ஒன்பது நாளுக்கு மேல் ஆனது.

இதைக் காத்திருப்புச் சிக்கலாக மட்டும் கருதக் கூடாது. ஒரு வன்தட்டின் பழுதை மட்டும் தாங்கும் அமைப்பில், மீளமைப்பு முடியுமுன் இரண்டாவதும் பழுதானால் எல்லாத் தகவலும் போய்விடும். ஆபத்தான அந்த இடைவெளி ஒரு நாளிலிருந்து ஒன்பது நாளாக நீள்கிறது. நாஸ் என்று பெயரிட்டு விற்கப்பட்ட பொருள், நாஸ் கருவிக்கு மிகவும் இன்றியமையாத வேளையில்தான் தடுமாறியது.

நிறுவனத்தின் விளக்கமும் மதிப்பீடும்

2020 ஏப்ரலில் பிளாக்ஸ் அண்ட் பைல்ஸ் என்ற தளம் இச்செய்தியை வெளியிட்டது. 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில ரெட் மாதிரிகள் எஸ்.எம்.ஆர். என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் பின்னர் ஏற்று, பட்டியலையும் வெளியிட்டது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள நாஸ் கருவிகளுக்கு இடையிடையே ஓய்வு கிடைப்பதால் இம்முறை போதுமானது என்பது அதன் விளக்கம். சீகேட்டும் தொசிபாவும் தங்கள் மேசைக்கணினி வன்தட்டுகள் சிலவும் இவ்வகையே என்று அப்போது தெரிவித்தன. எனினும், நாஸ் கருவிகளுக்கான தன் அயர்ன்வுல்ப் வரிசையில் எஸ்.எம்.ஆர். பயன்படுத்துவதில்லை என்று சீகேட் கூறியது.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் விளக்கத்தில் பாதி உண்மை உண்டு. அன்றாடக் கோப்புகளைச் சேமிக்கும் சிறு கருவியில் இ.எப்.ஏ.எக்ஸ். பெரும்பாலும் சிக்கலின்றி ஓடக்கூடும். ஆனால் மீளமைப்பு என்பது ரெய்டு கருவி எதற்கும் என்றாவது வந்தே தீரும் வேலை. மேலும், போதுமா போதாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் தன் தேவையை அறிந்த வாங்குபவரே. அதற்குத் தேவையான தகவல் அவரிடம் இல்லாதபோது அந்த முடிவை நிறுவனமே எடுத்துவிட்டது என்று பொருள். எஸ்.எம்.ஆர். முறையைப் பயன்படுத்தியதைக் குறைகூற இயலாது. அதைச் சொல்லாமல் அதே பெயரில் விற்றதே குறை.

2020 சூன் மாதத்தில் வரிசை பிரிக்கப்பட்டது. ரெட் என்ற பெயர் எஸ்.எம்.ஆர். மாதிரிகளுக்கும், ரெட் பிளசு, ரெட் புரோ ஆகிய பெயர்கள் சி.எம்.ஆர். மாதிரிகளுக்கும் உரியனவாயின. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 27 இலட்சம் டாலர் உடன்பாட்டுக்கு வந்தது. தெளிவான பெயரை முதலிலேயே வைத்திருந்தால் இவையெல்லாம் தேவைப்பட்டிரா.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்கு வழங்குகிறது. பதிவு முறையும் பொருளின் தரத்தைச் சார்ந்ததே என்பதால், அதைக் கேட்டு அறிவதில் தயக்கம் தேவையில்லை.

எதைத் தேர்வது?

பயன்பாடே விடையைத் தீர்மானிக்கும்.

காப்புநகல்: ஒருமுறை எழுதி, அலமாரியில் வைத்து, எப்போதாவது படிக்கும் கோப்புகளுக்கு எஸ்.எம்.ஆர். போதும். கையடக்க வெளிவன்தட்டுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. திருமணப் படங்களின் இரண்டாம் படியை இதில் வைப்பதில் குறையில்லை. முதல் நகல் எடுக்க மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம்.

ரெய்டு, நாஸ்: சி.எம்.ஆர். மட்டுமே பொருத்தம். விலை சற்றுக் கூடினாலும் இங்கு மிச்சம் பிடிக்கக் கூடாது.

கண்காணிப்புக் கேமரா: ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், நான்கு கேமராக்கள் சேர்ந்து நொடிக்கு 2 மெகாபைட் எழுதும். இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 173 கிகாபைட். 4 டெராபைட் 23 நாளில் நிரம்பி, பழையது அழிந்து புதியது எழுதப்படும். வேகம் குறைவுதான், ஆனால் ஓய்வு என்பதே கிடையாது. ஆகவே கண்காணிப்புக்கென விற்கப்படும் சி.எம்.ஆர். வன்தட்டே ஏற்றது.

மேசைக்கணினி: இயங்குதளத்தை திடநிலை வட்டில் (எஸ்.எஸ்.டி.) நிறுவி, கோப்புகளை மட்டும் வன்தட்டில் வைப்பவருக்கு இரண்டும் ஒத்துவரும். வன்தட்டிலிருந்தே இயங்குதளம் ஓடும் பழைய ஆய்வகக் கணினிக்குச் சி.எம்.ஆர். நல்லது. சீகேட்டின் பாரகுடா வரிசையில் 1 டெராபைட் டி.எம்.010 மாதிரி சி.எம்.ஆர்.; 2 டெராபைட் டி.எம்.008 மாதிரி எஸ்.எம்.ஆர். ஒரே வரிசைக்குள்ளேயே முறை மாறுவதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குமுன் சரிபார்த்தல்

முதலில், வரிசைப் பெயரை விட்டுவிட்டு முழு மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய பதிவு முறையைப் பார்க்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் இப்போது இதை வெளியிடுகின்றன. எழுத்துகளை மட்டும் நம்புவது போதாது. 4 டெராபைட்டில் எஸ்.எம்.ஆர். ஆக உள்ள அதே இ.எப்.ஏ.எக்ஸ். எழுத்துகள், 8 டெராபைட் ரெட் மாதிரியில் சி.எம்.ஆர். வன்தட்டைக் குறிக்கின்றன. மூன்றாவது, கடையில் விலைச்சீட்டிலேயே முழு மாதிரி எண்ணை எழுதி வாங்க வேண்டும். வேறு மாதிரி கொடுக்கப்பட்டால் மாற்றக் கேட்பதற்கு அதுவே சான்று.

ஏற்கெனவே வாங்கிய வன்தட்டை, கிறிஸ்டல் டிஸ்க் இன்போ போன்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். அதன் வசதிப் பட்டியலில் டிரிம் என்று காட்டினால் அது பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். வகை. காட்டாவிட்டால் சி.எம்.ஆர். என்று உறுதியாகக் கொள்ள முடியாது. மாதிரி எண்ணையே பார்க்க வேண்டும்.

எந்த முறையானாலும் வன்தட்டு ஒருநாள் பழுதாகும். சரியான வகையைத் தேர்வது அந்நாளின் இழப்பைக் குறைக்கும். தகவலைக் காப்பது வேறோர் இடத்தில் வைத்த இரண்டாம் படியே.