சும்மா இருக்கும் லேப்டாப்பில் சார்ஜ் எங்கே போகிறது?

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கோவை பஸ் ஏறும் மாணவர்களுக்கு முன்னால் ஐந்து மணி நேரப் பயணமாவது இருக்கிறது. வழியில் லேப்டாப்புக்கு பிளக் கிடைக்காது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திறந்து மடியில் வைத்தபடி போனில் பேசி முடிப்பதற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. பழி பேட்டரி மேல் விழுகிறது. குரோமில் சேர்த்துவைத்த எக்ஸ்டென்ஷன்களை யாரும் சந்தேகிப்பதில்லை.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 40 வாட்-அவர் பேட்டரி உள்ள லேப்டாப், வேலையின்றி இருக்கும்போது 5 வாட் இழுத்தால் 8 மணி நேரம் தாங்கும். கூடுதலாக ஒரே ஒரு வாட் செலவானால் 6 மணி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த ஒரு வாட்டுக்குப் பெரிய வேலை எதுவும் தேவையில்லை. ஆழ்ந்து தூங்க வேண்டிய பிராசஸரை ஓர் எக்ஸ்டென்ஷன் அடிக்கடி தட்டியெழுப்பினாலே போதும்.

2021 ஜனவரியில், குரோம் 88-உடன் எக்ஸ்டென்ஷன்களுக்கான மேனிஃபெஸ்ட் வி3 விதிமுறையைக் கூகுள் கொண்டுவந்தது. பழைய முறையில் எக்ஸ்டென்ஷனின் பின்னணிப் பகுதி, பிரவுசர் மூடும்வரை ஓடிக்கொண்டே இருக்க முடிந்தது. இப்போது 30 நொடி வேலை இல்லையென்றால் குரோமே அதை நிறுத்திவிடுகிறது. விளம்பரத் தடுப்பான்களுக்கு இந்த விதிமுறை போட்ட கட்டுப்பாடு வருத்தம் தருவதுதான். பேட்டரியைப் பொறுத்தவரை நல்ல மாற்றம்.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தும், விலை ஒப்பிடும், கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன்கள் வலைப்பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்டைப் புகுத்துகின்றன. அதற்கு 30 நொடிக் கெடு பொருந்தாது. மறைந்திருக்கும் டேப்களின் டைமர்களைக் குரோம் மட்டுப்படுத்துகிறது. கண்முன் திறந்திருக்கும் பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

விண்டோஸில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குரோமின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மவுஸைத் தொடாமல் இரண்டு நிமிடம் சிபியு எண்களை மட்டும் கவனித்தால் போதும். எக்ஸ்டென்ஷன் பெயருக்கு நேரே 0.0 அசையாமல் நின்றால் அது நிரபராதி. சில நொடிக்கொரு தடவை 1, 2 என்று துள்ளினால் சந்தேகிக்கலாம். மெமரி அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 150 எம்.பி. பிடித்துக்கொண்டு அமைதியாகக் கிடப்பது பேட்டரியை அவ்வளவாகத் தின்பதில்லை. பக்கத்துக்குள் புகுந்த ஸ்கிரிப்டின் செலவோ, அந்த டேபின் கணக்கில்தான் ஏறும். எக்ஸ்டென்ஷனை அணைத்து, பக்கத்தை ரீலோட் செய்து ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

விளம்பரத் தடுப்பான் இருக்கட்டும். தானே ஓடும் வீடியோ விளம்பரம் அதைவிட அதிகம் தின்னும். கூப்பன், விலை ஒப்பீடு வகைகளைத் தயங்காமல் நீக்கலாம். எழுத்துத் திருத்தி அவசியம் என்றால், எல்லாத் தளங்களிலும் ஓடவிடாமல், கிளிக் செய்தால் மட்டும் இயங்கும்படி அனுமதியைச் சுருக்குங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்பை இன்னும் ஓட்டுபவர்கள், புது பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கையோடு குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓடவிடும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.