அத்திப்பட்டியில் சேரி எங்கே இருக்கிறது?

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1980இல் மேடையேறியது. அடுத்த வருஷமே கே. பாலசந்தர் அதைப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. இன்றைக்கும் குடிதண்ணீர்ப் பஞ்சம் பற்றி யார் பேச எழுந்தாலும் ஐந்தாவது நிமிஷத்தில் அத்திப்பட்டி வந்துவிடும், குடத்தோடு சரிதா வந்துவிடுவார். வள்ளியூர்ப் பக்கம் பிறந்த எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். பொட்டல், வெயில், மனு எழுதி எழுதி ஓய்ந்துபோன ஜனங்கள் எல்லாம் நாங்கள் பார்த்து வளர்ந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. அந்த ஊரில் சேரி எந்தப் பக்கம் இருக்கிறது? கிழக்கேயா, தெற்கேயா?

கதை தெரிந்ததுதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் (கோவில்பட்டி அன்றைக்கு நெல்லை மாவட்டம், தூத்துக்குடி 1986இல்தான் பிரிந்தது). குடிக்கத் தண்ணி இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த வெள்ளைச்சாமி தொலைதூரத்து ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணி கொண்டுவருகிறான். பிறகு ஊரே மண்வெட்டியைத் தூக்கி வாய்க்கால் வெட்டக் கிளம்புகிறது. அனுமதி இல்லை என்று சர்க்கார் குறுக்கே நிற்கிறது. நாற்புறமும் வறண்ட மண் கிடக்க, நடுக்கடல் தீவு மாதிரி கைவிடப்பட்ட ஒரு ஊர். ஒரு பக்கம் ‘ஊர்’, எதிர்ப்பக்கம் ‘அரசாங்கம்’. கதையை நகர்த்துவது இந்த மோதல்தான். யார் முதலில் மொள்வது, யார் குடம் யார் குடத்தில் பட்டது, யார் கை வண்டிப் பீப்பாயைத் தொட்டது என்பதால் கதை ஓரிடத்திலும் நகரவில்லை.

தெக்கத்திச் சீமையில் ஒரே தீவாக இருக்கிற கிராமத்தை நான் பார்த்ததில்லை. எங்கேயும் இரண்டு தீவு. பஞ்சம் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது நல்ல மனசுக்காரர்களின் ஆசை. எங்கள் அனுபவம் தலைகீழ். கிணற்றில் தண்ணி கிடக்கும்போது, ஊர்க்காரர்கள் கோரி முடித்தபிறகு எங்கள் அம்மைமாருக்கு ஒரு குடமாவது ஊற்றுவார்கள். “நாச்சியாரே, ஒரு கொடம் ஊத்துங்க” என்று கிணற்றடிக்கு எட்ட நின்று கேட்டால், மனசிருக்கிறவள் ஊற்றுவாள். ஊறல் வற்ற வற்ற அந்த மனசும் வற்றும். கோடையில்தான் கிணற்றுக்குச் சாதி முற்றும். இது தெரியாமல் தண்ணீர்ப் பஞ்சத்தை எழுதினால் பஞ்சத்தில் பாதியைத்தான் எழுத முடியும்.

கோமலை இளப்பமாகப் பேச இதை எழுதவில்லை. இடதுசாரிப் பார்வையோடு மேடையை நடத்தியவர், 1991 முதல் 1995இல் சாகும்வரை ‘சுபமங்களா’ ஆசிரியராக இருந்து பல புதுக் குரல்களுக்கு இடம் கொடுத்தவர். அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனால் அந்தக் காலத்து முற்போக்குப் பிரதி ‘மக்கள்’ என்ற சொல்லை எப்படிக் கட்டியது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மக்கள் ஒன்றுபட வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே ஒன்றாக இருப்பதாக எழுதிவிடுவது. அப்படி எழுதும்போது முதலில் காணாமல்போவது நாங்கள்தான். அப்போது யாரும் எங்களை எழுதியிருக்கவில்லை என்று சமாதானம் சொல்லவும் முடியாது. பூமணியின் ‘பிறகு’ 1979இலேயே வந்துவிட்டது. அதே கரிசல், சக்கிலியர் ஒருவரை நடுவில் வைத்த நாவல். நாடகத்துக்கு ஒரு வருஷம் முன்னால்.

சக்கிலியர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பம்புசெட்டு வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் கமலை இறைத்துத்தான் விவசாயம். கமலையில் கூனை இரும்பு, அதன் வால் தோல். வால் கிழிந்தால் தண்ணி மேலே வராது. அந்தத் தோலைப் பதம்போட்டுத் தைத்துக் கொடுத்தது சக்கிலியர் கை. அவர் தைத்த வால் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கி ஏறும், தீட்டு கிடையாது. தைத்தவர் குனிந்து ஒரு கை அள்ளினால் தீட்டு. செத்த மாட்டின் தோல் போகலாம், உயிருள்ள மனுஷன் போகக்கூடாது. கரிசலின் தண்ணீர்க் கதைக்கு ஆரம்ப வரி இதுவாகத்தான் இருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கையைப் படத்தில் தேடித் தேடிப் பார்த்தேன்.

இதற்குப் பக்கத்தில் பாமாவின் ‘கருக்கு’ (1992) வைத்துப் பாருங்கள். அது தண்ணீர் பற்றிய புத்தகமே இல்லை. ஆனால் நாயக்கமார் வீட்டில் வேலைக்குப் போன பாட்டிக்கு, அந்த வீட்டுப் பெண்கள் நாலடி உயரத்திலிருந்து தண்ணி ஊற்ற, பாட்டி கையைக் குவித்து வாயில் ஏந்திக் குடிக்கிற இடம் ஒன்று வருகிறது. எல்லாம் சில வரிதான். ‘தண்ணீர் தண்ணீ’ரில் தாகத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் மைல் கணக்கு. ‘கருக்’கில் நாலடி. மைல் கணக்கை வண்டியால், வாய்க்காலால், குழாயால் கடந்துவிடலாம். இந்த நாலடியைக் கடக்க எந்தப் பொதுப்பணித் துறையிடமும் எஸ்டிமேட் கிடையாது.

தலித் எழுதினால்தான் இது தெரியுமா என்று கேட்பார்கள். பிரேம்சந்த் 1932இல் எழுதிய ‘தாக்கூரின் கிணறு’ கதையைப் படியுங்கள். சீக்காளிப் புருஷன் குடிக்கிற தண்ணி நாறுகிறது. கங்கி இருட்டில் தாக்கூரின் கிணற்றுக்குப் போகிறாள். வாளி கைக்கு எட்டும் நேரத்தில் கதவு திறக்கிறது, கயிறு நழுவுகிறது, ஓடிவருகிறாள். வீட்டில் புருஷன் அதே நாற்றத் தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறான். எழுதியவர் காயஸ்தர். பார்க்க வேண்டும் என்று நினைத்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு சங்கதி. அத்திப்பட்டிக்கு அரசாங்கம்தான் எதிரி. சேரிக்கு அந்தக் கணக்கு அவ்வளவு லேசாக முடியாது. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத்தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தபோது ஊரை எதிர்த்துச் சர்க்காரைத்தான் சாட்சிக்கு இழுத்தார். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாடில் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது, நகரசபை ஏற்கெனவே தந்திருந்த உரிமையைச் செய்துகாட்டத்தான். சாதி இந்துக்கள் 108 பானை பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைக் ‘கழுவினார்கள்’. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. அரசியல் சட்டம் 15(2)இல் கிணறு, குளம், படித்துறை என்று பேர் சொல்லி எழுதியிருக்கிறதே, அது இந்தத் தாகத்திலிருந்து வந்த வார்த்தை. பஞ்சாயத்துக் குழாய் தெருவுக்கு வந்த அன்றைக்குத்தான் எங்கள் அம்மை யாரையும் ‘நாச்சியாரே’ என்று கூப்பிடாமல் ஒரு குடம் பிடித்தாள். குழாய் எங்களுக்கு வசதி மட்டும் இல்லை. அதனால்தான் அது ஒருநாள் வராவிட்டால் எங்களுக்கு வேறுமாதிரி வலிக்கிறது.

வராமல் போகவும் செய்கிறது. ராதாபுரம் தாலுகா மலைக்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கிறது. நாலாபக்கமும் காற்றாலை சுற்றுகிறது. கூடங்குளத்து அணு உலைக்கு முதலில் பேச்சிப்பாறைத் தண்ணி என்றார்கள், பிறகு கடல்தண்ணியைச் சுத்தம்பண்ணுகிற ஆலையை அதற்கென்றே கட்டிக்கொண்டார்கள். உலை தன் தாகத்தை வேகமாகத் தீர்த்துக்கொள்ளும். கிராமத்தில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்குகிற பைப் முதலில் ஊர்த்தெருவுக்குப் போய், மிச்சமிருக்கிற வேகத்தோடுதான் பல இடங்களில் சேரிக்கு வருகிறது. வால்வைத் திறப்பவர் யார், எத்தனை நிமிஷம் திறக்கிறார் என்பது பெரிய அரசியல். தகராறு வரும் இடங்களில் அதிகாரிகள் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: சேரிக்குத் தனித் தொட்டி. திட்டம் என்று பேர், எனக்கென்னவோ சிமெண்டில் கட்டிய இரட்டை டம்ளராகத்தான் தெரிகிறது.

அந்தத் தனித் தொட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்று 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பார்த்தோம். தலித் ஜனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. குடித்த பிள்ளைகளுக்குச் சீக்கு வந்த பிறகுதான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியார் புழங்கும் நீரை அசுத்தப்படுத்துவதைத் தனிக் குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறது. இரண்டு வருஷம் விசாரித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. வைத்த குற்றப்பத்திரிகை, அதே தலித் ஜனங்களில் மூன்று பேரைக் குற்றவாளி என்றது. அந்த ஜனங்கள் அதை ஏற்கவில்லை.

அத்திப்பட்டியை மறுபடி யாராவது மேடையேற்றினால், இந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்பேன். வெள்ளைச்சாமியின் வண்டி ஊருக்குள் நுழைகிறது. பீப்பாயில் பாதித் தண்ணிதான் இருக்கிறது. முதல் குடத்தை யார் நீட்டுகிறார்கள், யார் எட்ட நிற்கிறார்கள்? அந்தக் காட்சியைச் சரியாக எழுதிவிட்டால் மந்திரியும் போலீசும் வர நாடகத்தில் கொஞ்ச நேரம் ஆகும்.