உற்றவனும் உழைச்செல்வானும்

தாதிமைத் தொழிலைப் பற்றிப் பேச வந்தால் நம்மவர் இரண்டு படங்களையே எடுத்து நீட்டுவர். ஒன்று, கையில் விளக்கேந்தி இருளில் நடந்துவரும் ஆங்கிலச் சீமாட்டியின் படம். மற்றது, வெள்ளுடை அணிந்து, உதட்டில் விரல் வைத்து, அமைதி காக்கும்படி கட்டளையிடும் பெண்ணின் படம். முன்னதில் கருணை இருக்கிறது. பின்னதில் அதிகாரம் இருக்கிறது. இரண்டிலும் நோயாளி இல்லை.

நோயாளியை முதலில் வைத்துப் பேசிய நூலொன்று நம்மிடம் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். இந்த நான்காமவனை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்பது பக்கம். பக்கத்தில் நிற்பவன் என்பதே பொருள். இப்பகுப்பு வள்ளுவருக்கு மட்டும் உரியதன்று. சரக சம்ஹிதையிலும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலும் இந்நான்கு கூறுகள் உள. ஆயின் அவ்வடமொழி நூல்கள் வைத்தியனை முதலில் நிறுத்தி நோயாளியைக் கடைசியில் வைக்கின்றன. வள்ளுவர் நோயாளியை முதலில் வைக்கிறார். யாப்பின் தேவையே இதற்குக் காரணம் என்று கூறுவாரும் இருக்கலாம். காரணம் யாதாயினும், அந்த வரிசையை நாம் பற்றிக்கொள்வது தகும்.

உரைகாரர் பரிமேலழகர் இந்நால்வகையையும் மேலும் நந்நான்காக விரிக்கிறார். நோயாளிக்கு வேண்டியவை பொருள் வசதி, வைத்தியன் சொற்படி நடத்தல், தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் ஆற்றல், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. அருகிருப்பவனுக்கு வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் மூன்றின் தூய்மை, இட்ட பணியைப் பிழையின்றிச் செய்யும் வன்மை, அறிவு என்பன. இன்றைய தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாதுகாப்பு, அறம், பண்பாட்டு மதிப்பு என்று மூன்று தலைப்பில் கற்பிக்கப்படுவன பலவும் இவ்வெட்டுச் சொற்றொடர்களில் வித்தாகக் கிடக்கின்றன. ஆயினும் பழைய உரையைப் போற்றிப் பாராட்டி முடிப்பது நமது நோக்கமன்று. அந்த உரை எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று உரைத்துப் பார்ப்பதே விமரிசனத்தின் வேலை. அதனை ஏட்டில் வைத்துச் செய்வதிலும் ஓர் ஊரில் வைத்துச் செய்தல் நலம். பாலாவியில் வைத்துச் செய்வோம்.

*

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், புத்தளம் நகரை அடையுமுன், கற்பிட்டிக்குச் சாலை பிரியும் சந்தி பாலாவி. உப்பளங்களும் சீமெந்துத் தொழிற்சாலையும் உள்ள உழைப்பாளர் பூமி. தமிழ் பேசும் முஸ்லிம்களும், சிங்களவரும், கடலை நம்பி வாழும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழும் கரை. மன்னாரில் திருக்கேதீச்சரத்துத் தீர்த்தத்துக்கும் பாலாவி என்றே பெயர். பெயர் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் 1990 ஒக்டோபரின் பின் அந்த ஒற்றுமைக்கு ஒரு கொடிய பொருள் வந்து சேர்ந்தது. அம்மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, வீடு வாசல்களைவிட்டு வெளியேற்றினர். மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் கொட்டில்களில் தங்கினர். தமிழின் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் தமிழ் பேசிய மக்களையே விரட்டினர் என்பதை, தமிழில் எழுதும் எவரும் தலைகுனிந்தே எழுதவேண்டும்.

அகதி முகாமில் நோய் என்பது கிருமியின் வேலை மட்டுமன்று. கிணற்று நீர், மலசலகூடம், நெருக்கம், வேலையின்மை, மானபங்கம் யாவும் ஒன்று சேர்ந்து காய்ச்சலாகவும் வயிற்றோட்டமாகவும் வெளிப்படும். கிரிமியப் போரில் விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் வணங்கும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் இதுவே. 1855இல் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையின் கழிவுநீர்க் கால்வாய்கள் துப்புரவு செய்யப்பட்ட பின்னரே அங்கு மரணம் பெரிதும் குறைந்தது. அதனை எண்களால் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே காட்டியவர் அவர். விளக்கை வைத்துக்கொண்டு கணக்கை மறந்துவிட்டது நம் பாடப்புத்தகம்.

*

இனி உரைக்கு வருவோம். நோயாளிக்குப் பொருள் வசதி வேண்டும் என்பது முதல் இலக்கணம். வாக்படரும் இதையே சொன்னார். சரகரின் பட்டியலில் பொருளுக்கு இடமில்லை. நினைவாற்றலுக்கே இடம் உண்டு. செல்வன் மட்டுமே முழுமையான நோயாளி என்னும் கொள்கையை இலங்கையின் இலவச வைத்தியம் நடைமுறையில் முறியடித்தது. உப்பளத் தொழிலாளியும் சட்டைப்பையைத் தடவாமல் அரசாங்க ஆஸ்பத்திரிப் படியேறலாம் என்றாயிற்று. மருந்து எளிதில் கிடைப்பதாதல் வேண்டும் என்றும் அதே உரை கூறும். அதனை ஒரு தேசியக் கொள்கையாக்க முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, வணிகப் பெயர்களின் கொள்ளையிலிருந்து மருந்தை மீட்க அவர் பாடுபட்டார். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகள் மருந்தின்றித் தவித்தபோதுதான் அந்தப் பாடுபாட்டின் அருமை பலருக்கும் உறைத்தது.

ஆக, பொருள் என்னும் தடை பெரிதும் தளர்ந்தது. ஆனால் மூன்றாம் இலக்கணம் இருக்கிறதே, நோய்நிலையைச் சொல்லும் ஆற்றல், அங்கேதான் நம் நாடு தடுமாறி விழுகிறது. மூன்று நூல்களும் ஒருமுகமாக இதனை வேண்டுகின்றன. ஆயின் சொல்லும் ஆற்றல் சொல்பவனிடம் மட்டுமா இருக்கிறது? கேட்பவனிடத்திலும் அன்றோ இருக்கிறது! பாலாவித் தாயொருத்தி, பிள்ளைக்கு நேற்றிரவு மூச்சு 'இழுத்தது' என்கிறாள். தனக்கு நெஞ்சு 'கரிக்கிறது' என்கிறாள். தன் மொழியில் அவள் துல்லியமாகவே பேசுகிறாள். எதிரே நிற்கும் தாதிக்குச் சிங்களம் மட்டுமே தெரியுமாயின், அத்துல்லியம் காற்றோடு போகிறது. குற்றம் அத்தாதியுடையதன்று, அவளைத் தமிழ் கற்பிக்காமல் அங்கு அனுப்பிய ஏற்பாட்டினுடையது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ, பள்ளிக்கூடம் போகும் மகளோ மொழிபெயர்க்கிறார். தாயின் கருப்பைக் கோளாற்றைப் பத்து வயது மகள் மொழிபெயர்ப்பதென்றால், அங்கே இரகசியம் காத்தல் என்ற தொழில் அறம் என்னவாயிற்று?

இது நாகரிகம் பற்றிய பேச்சன்று. உயிர் பற்றிய பேச்சு. மருந்து கொடுக்குமுன் ஐந்து சரிகளைப் பார் என்று தாதியர்க்குக் கற்பிக்கிறார்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. பெயரைச் சொல்லி அழைத்து, விடையைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாத இடத்தில் முதல் சரியே ஆடிப்போகிறது. உணவுக்கு முன்னா பின்னா என்பதை நோயாளி வாசிக்கமுடியாத எழுத்தில் மருந்துறையில் எழுதிக் கொடுத்தால் நான்காம் சரியும் போயிற்று. ஆகவே பாதுகாப்பு வேறு, பண்பாட்டு மதிப்பு வேறு என்று இரண்டு பாடமாகப் பிரித்துக் கற்பிப்பது பிழை. இரண்டும் ஒரே பாடம்.

நோன்பு மாதத்தை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கு ஊசி ஏற்றிக்கொள்ளும் முதியவர் ஒருவர் நோன்பு பிடிக்க விரும்புகிறார். நோயாளிக்கு விலக்கு உண்டென்று மார்க்கமே கூறுகிறது. ஆயினும் ஊரோடு ஒன்றாய் நிற்க அவர் மனம் விழைகிறது. தாதி ஏளனம் செய்தால், அடுத்தமுறை அவர் உண்மையை மறைப்பார். பகலில் உணவின்றி ஊசியை ஏற்றிக்கொண்டு மயங்கி விழுவார். நோன்புக்கு முன்பே பரிவோடு விசாரித்து, வைத்தியரிடம் கூட்டிச்சென்று, அளவையும் நேரத்தையும் மாற்றவோ, நோன்பைத் தவிர்க்கும்படி தக்க பெரியவர் மூலம் எடுத்துரைக்கவோ செய்தால் அவர் பிழைப்பார். அன்பு என்று உரைகாரர் சொன்னது இந்த விசாரணையைத்தான். திரைச்சீலையை இழுத்து மறைப்பதும், பெண்ணின் முக்காட்டை நீக்குமுன் கேட்பதும் அவ்வன்பின் சிறு வினைகள். காசு செலவில்லாதவை.

*

மொழி விஷயத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று ஆணையிட்ட நாடு, 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழையும் அரசகரும மொழி என்று ஏற்றுக்கொண்டது. 2007இன் நடுவிலிருந்து அரச சேவையில் சேர்வோர் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சிபெற வேண்டுமென்று சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் பரீட்சையில் பெறும் புள்ளி வேறு. நள்ளிரவில் நோவால் துடிப்பவளின் பேச்சை விளங்கிக்கொள்வது வேறு. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழில் நூலாகும்படி செய்தார். மதம் பரப்ப வந்த அந்நியருக்கு நோயாளியின் மொழி வைத்தியத்தின் கருவி என்று 1860களிலேயே தெரிந்திருந்தது. சுதந்திர அரசுக்கு அது தெரியாதென்று சொல்ல இயலாது.

உலகத் தாதியர் கல்வியிலும் இது பற்றிய விவாதம் நடந்தே வந்திருக்கிறது. அமெரிக்கத் தாதி மடலின் லைனிங்கர், பண்பாடு கடந்த தாதிமை என்றொரு துறையை வகுத்தார். நோயாளியின் பழக்க வழக்கங்களைத் தாதி கற்கவேண்டும் என்றார். நல்ல தொடக்கம். ஆனால் அது பாடப்புத்தகத்தில் இறங்கியபோது பட்டியலாகச் சுருங்கியது: முஸ்லிமுக்கு இது ஆகாது, இந்துவுக்கு அது ஆகாது, பௌத்தருக்கு இன்னது வேண்டும். மனிதனை வாய்பாடாக்கும் வித்தை! பாலாவியில் பரம்பரையாக உப்பு வாரும் முஸ்லிமும், மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்திறங்கிய முஸ்லிமும் ஒரே பட்டியலில் அடங்குவாரா? ஒருவருக்கு ஊர் உண்டு. மற்றவருக்கு நெடுங்காலம் முகாம் இலக்கமே விலாசம்.

இதற்கு மறுப்பாக எழுந்தது நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டனின் குரல். பண்பாட்டுப் பாதுகாப்பு என்று அவர் பெயரிட்டதை அந்நாட்டுத் தாதியர் மன்றம் 1992இல் பயிற்சியின் பகுதியாக்கியது. நோயாளியின் வழக்கங்களை மனனம் செய்வது முதற்கடமையன்று. தான் எந்த இனத்தின், எந்த வர்க்கத்தின், எந்த அதிகாரத்தின் சார்பில் கட்டிலருகே நிற்கிறேன் என்று தாதி தன்னைத் தானே கேட்பதே முதற்கடமை. பணிவிடை பாதுகாப்பானதா அல்லவா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அதைப் பெறுபவரே. நிலம் பறிக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த சொல் ஆதலால், நிலம் பறிக்கப்பட்ட மக்கள் தங்கிய பாலாவிக்கு அது அப்படியே பொருந்துகிறது. நோயாளியை முதலில் வைத்த குறளின் வரிசைக்கும் அதுவே தக்க உரை.

*

இனி உரையின் தடுமாற்றம். இட்ட பணியைப் பிழையின்றிச் செய்க என்கிறார் பரிமேலழகர். அறிவும் வேண்டும் என்கிறார். இட்ட பணியே அநீதியானால்? இது கற்பனைக் கேள்வியன்று. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவே வேண்டுமென்று இலங்கை அரசாங்கம் வர்த்தமானியில் ஆணையிட்டது. புதைத்தாலும் எரித்தாலும் தக்க காப்போடு செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே கூறியிருந்தது. பிறந்து சில வாரமேயான சிசுவின் உடலும் பெற்றோர் விருப்புக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் ஆணை திருத்தப்பட்டது. அதன் பின்னும் உடல்களைத் தொலைவிலுள்ள ஓட்டமாவடிக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்த ஆணையைத் தாதியர் பிறப்பிக்கவில்லை. ஆயின் இறந்தவரின் கட்டிலருகே கடைசியாக நின்றவர்கள் அவர்களே. ஆஸ்பத்திரிக்குள் போனால் உடலும் உறவினருக்குக் கிடையாது என்ற அச்சம் ஒரு சமூகத்தைப் பற்றிக்கொண்டால், அச்சமூகம் நோயை மறைக்கும். மறைந்த நோய் ஊரெங்கும் பரவும். அறத்தை மீறிய கணத்திலேயே பாதுகாப்பும் மீறப்பட்டது. கீழ்ப்படிதலை மட்டும் கற்ற தாதி இங்கே ஊமையாகிறாள். அறிவையும் கற்றவள், தன் சங்கத்தின் மூலம், தன் தொழிலின் பெயரால், 'இது வைத்தியமன்று' என்று சொல்லக் கடமைப்பட்டவள். தனியொருத்தி சொன்னால் இடமாற்றம். சங்கம் சொன்னால் அது குரல்.

இவ்விடத்தில் தாதியையும் நாம் மறக்கலாகாது. 'தாதி' என்ற சொல்லுக்கே பழைய அகராதிகளில் ஏவல் பெண் என்றொரு பொருள் உண்டு. அந்தப் பொருள் சம்பளப் பட்டியலிலும் கடமை நேரத்திலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடுதி நிறைந்து, கட்டிலுக்குக் கீழேயும் நோயாளி படுத்திருக்க, இரவு முழுதும் ஓடிக் களைத்தவளிடம் போய் அன்பு செய் என்று உபதேசிப்பது எளிது. நெருக்கடிக்குப் பின் அவளுடைய தோழியர் பலர் கடல் கடந்து போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வேலையும் அவள் தலையில். பரிமேலழகர் பணிசெய்பவனிடம் நான்கு குணங்களைக் கேட்டார். அவனுக்கு நாம் கொடுக்கவேண்டியவை எவை என்று கேட்கவில்லை. போதிய ஆள், போதிய ஓய்வு, இருமொழிப் பயிற்சி, அநீதியை மறுக்கும் உரிமை என நாம் அந்நான்கையும் சேர்த்தெழுத வேண்டும்.

பாலாவிக்கு வேண்டியவை பெரிய அற்புதங்கள் அல்ல. எல்லா நேரமும் தமிழ் அறிந்த ஒருவர் விடுதியில் இருத்தல். மருந்துறையில் இருமொழி எழுத்து. அவ்வூர்ப் பெண்களே தாதியராகவும் குடும்பநல மருத்துவிச்சிகளாகவும் பயிற்சி பெறுதல். வைத்தியசாலைக் குழுக்களில் முகாமிலிருந்து வந்தோர்க்கும் ஆசனம். இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் திருக்குறளை மேடையில் முழங்குவதோடு நில்லாமல், இக்கோரிக்கையையும் அதே மேடையில் எழுப்பவேண்டும்.

உழைச்செல்வான் என்றால் பக்கத்தில் நிற்பவன் என்று கண்டோம். யாருடைய பக்கத்தில் என்பதே கேள்வி. ஆணையின் பக்கத்திலா, உற்றவனின் பக்கத்திலா? குறளின் வரிசை அதற்கு விடை சொல்லிவிட்டது. நம் ஆஸ்பத்திரிகள் இன்னும் சொல்லவில்லை.