மெல்ல வாசிக்கத் தெரிந்த கட்டைகள்

வீட்டில் பழக டிஜிட்டல் பியானோ வாங்க வருகிறவர்கள் கடையில் முதல் காரியமாக ஒலியளவைக் கூட்டி, இரண்டு கையாலும் ஒரு பெரிய கார்டை ஓங்கி அடித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் தோற்கும் கருவி இன்றைக்குக் கிடையாது. பெயர்பெற்ற கம்பெனிகள் எல்லாமே நல்ல கச்சேரிப் பியானோ ஒன்றின் ஒலியைத் தரமாக உள்ளே வைத்திருக்கின்றன. ஓங்கி அடித்தால் அது கணீரென்று எழுந்து வந்துவிடும். கருவியின் குணம் தெரியவேண்டுமானால் எதிர்த்திசையில் போகவேண்டும். நடு ‘சி’க்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு வெள்ளைக் கட்டையை, ஒலி பிறக்குமா பிறக்காதா என்ற விளிம்பில், முடிந்தவரை மெதுவாக இறக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்ப இறக்குங்கள். ஒரு முறை ஒன்றுமே கேட்காமல் அடுத்த முறை திடுக்கென்று பெரிதாகக் கேட்டால், அந்தக் கருவியை விட்டு நகர்ந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் விரல் கேட்ட அளவுக்குச் சன்னமாக, சீராக ஒலி வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரலாம்.

பியானோ பிறந்ததே இந்தச் சன்னத்துக்காகத்தான். அதற்கு முன்னால் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு அலகு தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சுண்டல் ஒன்றுதான், ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்துவந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, 1700ஆம் ஆண்டையொட்டி, சுண்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டும் ஒரு பொறியைச் செய்தார். அவர் கையால் செய்த பியானோக்களில் மூன்று இன்னும் இருக்கின்றன. 1720இல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய மேதைமை சுத்தியலை வைத்ததில் மட்டும் இல்லை. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே சுத்தியலைக் கட்டையின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டாரே, அதில் இருக்கிறது. கடைசி நொடியில் சுத்தியல் தன் வேகத்தில் தானே பறந்து போய்த் தந்தியைத் தட்டி மீள்கிறது. அப்போது விரலுக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் இல்லை. வாசிப்பவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், ஒரு தனிச் சுரத்துக்கு அவர் கொடுக்கக்கூடியது அந்தச் சுத்தியலின் வேகம்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு டிஜிட்டல் பியானோவின் உள்ளே பார்த்தால் அதன்மேல் மரியாதை கூடும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழ்களில் கார்பன் தொடுமுனைகள் இருக்கின்றன. எளிய கருவிகளில் கட்டைக்கு இரண்டு. கட்டை இறங்கும்போது முதல் முனை தொடும், பிறகு இரண்டாவது முனை தொடும். இரண்டுக்கும் இடையில் ஓடிய நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைவென்றால் வேகம் அதிகம், ஒலி பெரிது. 1983இல் வந்த மிடி முறை அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண் கொடுக்கிறது. அழுத்தத்தைக் கருவி அளப்பதே இல்லை. விரலின் பலத்தை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் கிறிஸ்டோஃபோரியின் பொறியும் இந்த ரப்பர் குமிழும் ஒரே கட்சி. டிஜிட்டல் பியானோவைப் போலி என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே சுத்தியல்களும் உண்டு. ஒவ்வொரு கட்டையோடும் எடை வைத்த சிறிய கை ஒன்று கோத்திருக்கும். அது எந்தத் தந்தியையும் தட்டப்போவதில்லை. கட்டையை இறக்கும்போது அது மேலே எழும், விட்டால் தன் கனத்தால் கீழே விழும். விரலுக்குக் கனத்தைக் காட்டுவதற்காகவே ஒரு சுத்தியல்! இடது கோடியில் கனம் கூடுதலாகவும் வலப்பக்கம் போகப்போகக் குறைவாகவும் வைத்திருப்பார்கள், உண்மைப் பியானோவில் கீழ்ச்சுரங்களின் சுத்தியல் பெரிதாக இருப்பதால். பட்டுப்புடவைக் கடையில் கரையை விரலிடுக்கில் வைத்துப் பார்ப்பதுபோல, நான்கைந்து கட்டைகளை ஒலியே வராத வேகத்தில் இறக்கி ஏற்றிப் பார்த்தாலே இந்தக் கனம் நேர்த்தியானதா என்று விரலுக்குப் புரிந்துவிடும்.

நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது 61 கட்டை கீபோர்டில். கீபோர்டு கிளாஸ் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதில் கட்டையைத் தூக்கிவிடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இறங்க இறங்கக் கூடும். சுத்தியல் கனத்தின் எதிர்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம், பிறகு இளகிக்கொடுக்கும். விரல் கற்றுக்கொள்ளும் பாடம் இரண்டிலும் வேறுவேறு. சினிமாப் பாட்டுக்குத் தாளமும் வயலினும் சேர்த்து வாசிக்க கீபோர்டு அருமையான கருவி. ஆனால் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் பியானோ தேர்வுகளுக்குப் படிக்கிற பிள்ளையை ஸ்பிரிங் கட்டையில் இரண்டு வருஷம் பழக்கிவிட்டுத் தேர்வன்று உண்மைப் பியானோ முன் உட்காரவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பெட்டியில் ‘டச் சென்சிடிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே ஸ்பிரிங்தான் இருக்கும். ‘ஹேமர் ஆக்‌ஷன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். “டச் செட்டிங்கை ஹெவியில வெச்சா கட்டை கனமாயிடும் சார்” என்று விற்பனையாளர் சொன்னால் நம்பவேண்டாம். அந்தச் செட்டிங், அளந்த வேகத்துக்கு எவ்வளவு ஒலி என்ற கணக்கைத்தான் மாற்றும். கட்டையின் கனம் துளியும் மாறாது.

உண்மைப் பியானோவையே வாங்கிவிடலாமே என்றால், இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள், அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் பல டன் இழுவிசை, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்று அது ஒரு பெரிய பொறுப்பு. சென்னையின் கடற்காற்றிலும் ஈரத்திலும் மரம் ஊதும், கட்டை சிக்கும், சுருதி கலையும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது ட்யூனர் வரவேண்டும். இடமும் வசதியும் இருப்பவர்கள் அவசியம் வாங்கட்டும், அதற்கு ஈடு இல்லை. மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் வாசித்துப் பார்க்க ஒரே ஒரு உருப்படியைச் சொல்லச் சொன்னால் ஷோபனின் ஈ மைனர் ப்ரெல்யூடைச் சொல்வேன். ஓபஸ் 28இல் நான்காவது, 25 பார் மட்டுமே கொண்டது, 1839இல் வெளியானது. வலது கை ஆரம்பத்தில் செய்வது மிகக் கொஞ்சம். ஒரு நீண்ட ‘பி’, அதற்கு மேல் சிறிய ‘சி’, மறுபடியும் ‘பி’. இடது கைக்குத்தான் வேலை. மூன்று விரலில் ஒரு கார்டு, பாருக்கு எட்டுத் தடவை, மெதுவாக, மென்மையாக, நிற்காமல். அந்தக் கார்டு பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு விரலில் மட்டும் அரைச்சுரம் இறங்கி நிறம் மாறிக்கொண்டே போகும். இறங்குகிற அந்த ஒரு சுரம் மற்ற இரண்டையும்விட ஓர் இழை கூடுதலாகக் கேட்டால் உயிர் வந்துவிடும். மூன்று விரலும் ஒரே சமயத்தில் இறங்கவேண்டும், மூன்றும் ஒரே வேகத்தில் இறங்கக் கூடாது. மட்டமான கருவியில் மூன்றில் ஒரு சுரம் விழுங்கப்படும், இல்லையென்றால் துருத்திக்கொண்டு நிற்கும். பாதிக்கு மேல் ஓர் இடத்தில் வேகமும் ஒலியும் பொங்கி எழும். அங்கே கருவி இரைச்சலிடாமல் திறக்கிறதா என்று கேளுங்கள். முடிவில் ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு மிக மெல்லிய மூன்று கார்டுகள். அந்த மூன்றையும் நம்பி வாசிக்கமுடிகிற கருவி விலை எதுவானாலும் நல்ல கருவி.

அந்த இடது கைக் கார்டுகளுக்குள் இன்னொரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப மெல்ல வாசிக்கும்போது கட்டையை முழுக்க மேலே வர விடாமல் பாதியிலேயே மறுபடி இறக்கத் தோன்றும். உண்மைக் கிராண்ட் பியானோவில் இதைச் செய்யமுடியக் காரணம், பாரிஸில் பியானோ செய்துவந்த செபாஸ்டியான் எரார் உருவாக்கி, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட இரட்டை எஸ்கேப்மென்ட். சுத்தியல் முழுக்கக் கீழே போகாமல் பாதி வழியிலேயே அடுத்த தட்டுக்குத் தயாராக நிற்கும். டிஜிட்டலில் இதே வேலைக்கு மூன்றாவது தொடுமுனை ஒன்றைச் சேர்க்கிறார்கள். இரண்டு முனைக் கருவியில் பாதியில் இறக்கினால் சுரம் காணாமல் போகும். கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் இது உறைக்காது, பிறகு உறைக்கும்.

எளிய விலையில் பெயர் சொல்லக்கூடிய கருவிகள் பெரும்பாலும் நான்கு கம்பெனிகளுடையவை. யமஹா, கவாய், ரோலண்ட் மூன்றுக்கும் தலைமையகம் ஜப்பானின் ஹமாமட்சு என்ற ஒரே நகரம், காசியோ டோக்கியோ. ரோலண்ட் எஃப்பி-10 என் விரலுக்குப் பிடித்தது. 2019இல் வந்த அதில், அதைவிட விலை கூடிய எஃப்பி-30எக்ஸில் இருக்கும் அதே கட்டை வரிசையை, மூன்று முனையோடு, அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டையின் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் வேர்த்த விரலும் வழுக்காது. ஸ்பீக்கர்தான் சுமார், கட்டைகள் விழும் சத்தமும் கொஞ்சம் உண்டு. யமஹா பி-145 இன்னும் இலகுவானது, 11 கிலோ. ஒலி தெளிவு, பத்தே பத்துக் குரல்கள், குழப்பம் இல்லை, விரலுக்கு எதிர்ப்பு சற்றுக் குறைவு. கவாய் இஎஸ்120 ஒலியில் இவற்றைவிடக் கனிந்தது, விலையும் ஏறும். காசியோவின் சிடிபி-எஸ்110 பணம் இடிக்கிறவர்களுக்கு மரியாதையான தேர்வு. இவற்றில் எதை வாங்கினாலும் பிள்ளை கெட்டுப்போகாது. கை வளரவேண்டுமென்றால் நான் எஃப்பி-10 பக்கம் சாய்வேன்.

எல்லா எளிய கருவிகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கட்டை சாயும் அச்சு, வெளியே தெரியும் பகுதிக்கு மிக அருகிலேயே இருக்கும். உண்மைப் பியானோவில் கட்டை உள்ளே வெகுதூரம் நீண்டிருப்பதால் பின்புறம் அழுத்தினாலும் பெரிதாகக் கனக்காது. இங்கே கருப்புக் கட்டைகளுக்கு நடுவில் விரலை நுழைத்து வெள்ளைக் கட்டையின் பின்முனையை அழுத்தினால் கல்லாகக் கனக்கும். நிறைய ஃப்ளாட், ஷார்ப் வரும் உருப்படிகளில் கை இயல்பாக உள்ளேதான் போகும். அதனால் கடையில் முன்விளிம்பில் மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

பாலிஃபனி, அதாவது ஒரே சமயத்தில் எத்தனை சுரம் ஒலிக்கமுடியும் என்ற எண்ணுக்கு, அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. 64 என்றால் பெடலை அழுத்திப் பிடித்து நீளமாக வாசிக்கும்போது பழைய சுரங்கள் சில உதிரும். 96 இருந்தால் வீட்டுக்குப் போதும். நூற்றுக்கணக்கான குரல்களும் தாளங்களும் பழகும் பிள்ளையின் கவனத்தைத்தான் தின்னும். ஸ்பீக்கர் பல கருவிகளில் கீழ்நோக்கி இருக்கும், அதனால் மெத்தென்ற துணிமேல் வைத்தால் ஒலி செத்துவிடும். நல்ல ஹெட்போன், அதிலும் பின்புறம் திறந்த வகை, கருவியின் மதிப்பை இரட்டிப்பாக்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டாலும் கட்டையின் தொம்தொம் தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுவது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் மரியாதை.

பெடலில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கூடவே வரும் சிறிய பிளாஸ்டிக் பெடல் பெரும்பாலும் ஒரு சுவிட்ச். அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. மொசைக் தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓட, கால் அதைத் துரத்தும். உண்மைப் பியானோவில் பெடல் என்பது தந்திகளின் மேல் படிந்திருக்கும் டாம்பர்களைத் தூக்குவது. முழுக்கத் தூக்கலாம், பாதி தூக்கலாம், லேசாக உரசவிட்டு ஒலியை மங்கவைக்கலாம். அரைப்பெடலைப் புரிந்துகொள்ளும் கருவியா என்று கேட்டுவிட்டு, கனமான உலோகப் பெடல் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். ஸ்டாண்டு இசட் வடிவிலோ மேசை வடிவிலோ அசையாமல் நிற்கட்டும். எக்ஸ் ஸ்டாண்டில் முழங்கால் இடிக்கும், கருவி ஆடும். கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 73 சென்டிமீட்டரில் இருந்தால் முழங்கை சரியாக அமையும்.

பழைய கருவி வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆர்வம் வடிந்த வீடுகளிலிருந்து அதிகம் வாசிக்கப்படாத நல்ல கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்கப் போகும்போது 88 கட்டைகளையும் இடக்கோடியிலிருந்து ஒரே மென்மையில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போங்கள். நடுவில் உள்ள இரண்டு மூன்று ஆக்டேவ்களில்தான் தேய்மானம் தெரியும். ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தினால் பயப்படவேண்டாம். பல சமயம் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையில் தூசி ஏறியிருக்கும் அல்லது கார்பன் தேய்ந்திருக்கும். பட்டையை மெக்கானிக் கழற்றித் துடைத்தோ மாற்றியோ கொடுத்துவிடுவார், செலவு பெரிதாக இருக்காது. அதைச் சொல்லி விலையையும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.