எளிது... யாருக்கு?

டிசம்பர் பிறந்தால் பெண்கள் பத்திரிகையோடு ஓர் இணைப்பு வரும். 'கிறிஸ்துமஸ் அலங்காரம், வீட்டிலேயே ஈஸியாகச் செய்யலாம்!' பிரித்துப் பாருங்கள். தெர்மாகோல், ஜிகினா, க்ளூ கன். சமையல் பக்கத்தில் அவன் இல்லாமல் ஒரு அயிட்டம் கிடையாது. மரத்தின் மேல் பஞ்சில் பனி வேறு. வேலூரில் பனி!

காமர்ஸ் படித்த புத்தி, கணக்குப் பார்க்கிறது. பொருள் செலவு இருக்கிறது, கூலி இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்காருகிறவர்களில் பெண்கள் ஏராளம். பகலெல்லாம் ஏற்றுமதிக்குத் தைத்துவிட்டு வருகிறவரிடம், ராத்திரி உட்கார்ந்து ஜிகினா ஒட்டு என்பது எளிமையா?

நிஜமான எளிமை நம்மிடமே இருக்கிறது. பத்து மூங்கில் சிம்புகளில் இரண்டு ஐந்துமுனை நட்சத்திரம் கட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்மூலைகளில் ஐந்து குட்டிக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் புடைத்துக்கொள்ளும். மைதா பசையில் காத்தாடிப் பேப்பரை ஒட்டி, உள்ளே ஒரு எல்.இ.டி. பல்பு. குண்டு பல்பு மாதிரி சூடேறிப் பேப்பரைக் கருக்காது.

தின்ன கல்கல். மைதா, சர்க்கரை, தேங்காய்ப்பால் பிசைந்து, முள்கரண்டி முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தால் முடிந்தது. அவன் வேண்டாம்.

இரண்டுமே நாலு கை சேர்ந்தால் சட்டென்று முடிகிற வேலை. ஆம்பளைக் கையானாலும் பாதகமில்லை.

அடுத்த இணைப்பில் 'தேவையான பொருட்கள்' பட்டியலைப் பாருங்கள். எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று இல்லாவிட்டால், அந்த 'ஈஸி' உங்கள் வீட்டில் ஒருத்தர் தலையில்தான் விடியப்போகிறது!