வாசல்வரை வந்த மருத்துவம்

தென்காசிப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை ஒரு பெண் தோளில் பையோடு வருவார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவருபவர். பிரஷர் பார்ப்பார், நோட்டில் குறித்துக்கொள்வார், அடுத்த வீட்டுக்குப் போவார். எதிர்வீட்டு ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். "மாத்திர தீந்துருச்சா ஆச்சி?" என்று வாசலில் நின்று அந்தப் பெண் கேட்பார். "நாலு நாளைக்குக் காணும் தாயி" என்பார் ஆச்சி. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு மத்தியானம் என்னைத் தனியே அழைத்து ஆச்சி சொன்னார்: "எட்டு வருசமா அடி எறங்கிக் கெடக்கு பிள்ள. உக்காந்தாலும் வேதன, எந்திச்சாலும் வேதன. தும்முனா சேல நனஞ்சிருது. இத வாசல்ல வச்சு அந்தப் பிள்ளைட்ட எப்படிச் சொல்ல? மவன் வேற உள்ள இருக்கான்."

எட்டு வருடம். அதில் சில வருடங்களாக மருத்துவம் மாதாமாதம் அவர் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. வந்த மருத்துவத்துக்கும் ஆச்சியின் வேதனைக்கும் இடையே ஒரு நிலைப்படிதான் தூரம். அந்த நிலைப்படியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டம், மருத்துவமனைக்குப் போக முடியாதவரைத் தேடி மருத்துவமனை வர வேண்டும் என்ற சரியான எண்ணத்திலிருந்து பிறந்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதும் கிடைத்தது. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டியிருந்த முதிய பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். நல்ல திட்டம் என்பதால்தான் அதனிடம் கூடுதலாகக் கேட்கத் தோன்றுகிறது.

நம் பொதுச் சுகாதாரம் பெண்ணுடலை எப்போது பார்க்கிறது? கர்ப்பமானதும் பார்க்கிறது. கர்ப்பம் பதிவாகிறது, பிக்மி எண் வழங்கப்படுகிறது, எடை குறிக்கப்படுகிறது, இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேடுகள் முதன்மையாகத் தாயையும் சேயையும் சுற்றியவை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் அதே அக்கறையோடு கூட்டிப்போவார்கள். ஆண்கள் அந்த அறுவையைச் செய்துகொள்வது இங்கே அபூர்வம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கவனம் தாய் இறப்பையும் சிசு இறப்பையும் குறைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

அறுவை முடிந்த பின்னர் அந்தப் பெண்ணுடல் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் அவளுக்கு என்ன நேர்கிறது என்று கேட்பவர் அரிது. முப்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் அரசு மருத்துவமனைகளில் உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் பரிசோதனைக்கு அவள் போக வேண்டும், அதற்கு முன் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு அறுபதில் அவள் திரும்பவும் பதிவேட்டுக்குள் வருகிறாள். இம்முறை அவள் பெண்ணாக வருவதில்லை, 'முதியோர்' ஆக வருகிறாள். அந்தச் சொல்லுக்குப் பால் இல்லை. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் பால் இல்லை. ஆகவே மாத்திரைப் பையிலும் பால் வேறுபாடு இல்லாமல் போகிறது.

ஆனால் ஆச்சியின் நோய்க்குப் பால் உண்டு, வரலாறும் உண்டு. அடுத்தடுத்த பிரசவங்கள், பிரசவம் முடிந்து சில வாரங்களிலேயே குடம் தூக்கியது, பச்சை உடம்போடு வயல் வேலைக்குப் போனது, வாழ்நாள் முழுக்கப் பாரம் சுமந்தது ஆகியவை சேர்ந்து இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்துகின்றன. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. கருப்பை கீழிறங்குகிறது, சிறுநீர் கசிகிறது. நம் வீடுகளில் இதைப் 'பொம்பளைக்கு வாறதுதான்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் இது விதியல்ல. ஆரம்ப நிலையில் இடுப்புத்தளப் பயிற்சிகள் உதவும். உள்ளே பொருத்தும் பெசரி வளையம் அறுவையில்லாமலே பலருக்கு நிம்மதி தரும். முற்றிய நிலையில் அறுவை உண்டு. அதாவது எட்டு வருட வேதனை தவிர்த்திருக்கக் கூடியது.

நான் அந்த மாத்திரைக்காரப் பெண்ணிடமே கேட்டேன். அவருக்கும் நாற்பத்தைந்து இருக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நாங்க முக்கியமாப் பாக்கது சுகரும் பிரஷரும்தான் டீச்சர். மத்தத கேட்டுட்டு நான் என்ன செய்ய? என் பையில அதுக்கு மருந்து இல்லியே" என்றார். கிளம்பும்போது, "எனக்கே இருக்கு. நான் யார்ட்ட சொல்ல?" என்றார்.

அந்தப் பெண்ணின் நிலையைத் தனியே பார்க்க வேண்டும். இத்திட்டத்தின் கால்கள் அவரைப் போன்றவர்கள்தாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்'. தன்னார்வலர் என்றதுமே ஊதியம் என்ற பேச்சு அடங்கிவிடுகிறது. கொடுப்பது ஊக்கத்தொகை. சில ஆயிரங்கள். வெயிலில் வீடு வீடாக நடப்பதும், எண்ணிக்கையைச் செல்போனில் ஏற்றுவதும், பூட்டிய வீட்டுக்கு மறுபடி போவதும் வேலையாகக் கணக்கில் வராமல் சேவையாக வருகின்றன. வீட்டில் பெண் செய்யும் பராமரிப்பை அன்பு என்று சொல்லிக் கூலி கொடுக்காமல் விடுகிறது குடும்பம். அதே பராமரிப்பை அரசு தெருவுக்குக் கொண்டுவரும்போது 'ஆர்வம்' என்று சொல்லிக் குறைவாகக் கொடுக்கிறது. பெயர் மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

இன்னும் பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பெண்ணுக்கும் அறுபது வயதாகும். அப்போது அவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவார். ஆகவே அந்த உதவித்தொகையையும் பார்த்துவிடுவோம்.

தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. நாடு முழுவதற்குமான தேசிய ஓய்வூதியம் 1995இல்தான் வந்தது என்பதைப் பார்த்தால், தமிழகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தி நடந்தது தெரியும். 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986இல் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும், 2008இல் ஐம்பது வயது கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. 2023 ஆகஸ்டிலிருந்து மாதத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தேசியத் திட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயதுவரை வெறும் 200 ரூபாய், எண்பதுக்கு மேல் 500. மீதியை மாநிலம் போடுகிறது.

இந்தத் திட்டங்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாக வாசித்துப் பாருங்கள். கணவன் செத்துப்போனவள், கணவன் விட்டுப்போனவள், கணவன் வராமலே போனவள். ஓர் ஏழைப் பெண் அரசிடம் போய் நிற்கும்போது அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'உன் வாழ்க்கையில் ஆண் எங்கே?' என்பது. அந்த இடம் காலியாக இருப்பதைச் சான்றிதழோடு நிரூபித்தால்தான் பணம். ஆணுக்கு இப்படி ஒரு பிரிவு கிடையாது. மனைவி இழந்தவர், மனைவி விட்டுப்போனவர் என்று எந்த ஆணும் மனுவில் எழுத வேண்டியதில்லை. முதுமையும் வறுமையும் அவருக்குப் போதும்.

இந்தப் பிரிவுகளையெல்லாம் ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அறுபது வயதுக்கு முன்பே நிர்க்கதியாக நின்ற எத்தனையோ பெண்களுக்கு அடுப்பெரிந்தது இவற்றால்தான். நான் கேட்பது வேறு. குடிக்கிற, அடிக்கிற, ஒரு காசு தராத கணவனோடு ஒரே கூரைக்குள் இருக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் எந்தப் பிரிவில் வருவாள்? அவளுக்குக் கணவன் 'இருக்கிறான்'. மகன் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, தனக்கென்று பத்து ரூபாய் கையில் இல்லாத கிழவி 'ஆதரவற்றவர்' ஆவாரா? அவருக்கு மகன் 'இருக்கிறான்'. ஆதரவு என்பதைப் பெண்ணின் கைக்கு வரும் பணத்தை வைத்து அளக்காமல், வீட்டில் இருக்கும் ஆணை வைத்து அளக்கும் வரை இந்தப் பெண்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

சொல் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். பெண்ணின் ஊதியமற்ற வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். பெண்ணியவாதிகள் பல காலம் சொன்னதை அரசு தன் வாயால் சொன்ன நாள் அது. ஆனால் முதியோர் ஓய்வூதியம் பெறும் பெண்ணுக்கு அந்த உரிமைத் தொகை கிடையாது. நாற்பது வயதில் சமைத்தால் உரிமை. எழுபது வயதில், அதே அடுப்பில் அதே சோற்றை வடித்தால் உதவி. ஐம்பது ஆண்டுகள் அந்த உழைப்பைத் தந்தவளுக்குத்தான் உரிமை என்ற சொல் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பணம் கைக்கு வரும் வழியும் எளிதாக இல்லை. முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். இப்போது வங்கிக் கணக்கு, ஆதார், கைரேகை. பீடி இலையை உருட்டி உருட்டி, பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து, ஆச்சியின் விரல்களில் ரேகை மழுங்கிவிட்டது. "என் கையி பதியல" என்று அவர் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறார். உழைத்ததற்கு அவர் கையில் இருக்கும் ஒரே சான்று அந்த மழுங்கிய விரல்தான். இயந்திரம் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிறது.

'பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, அரசு எவ்வளவுதான் செய்யும்?' என்று கேட்பவர்கள் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அந்தக் கடமையைத்தான் சட்டமாக்கியது. மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் பெற அதில் வழியுண்டு. சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுக்கச் சொத்தே இல்லாத பெண்ணுக்கு, மகனும் கூலிக்குப் போகும் வீட்டில், அந்தச் சட்டம் என்ன செய்யும்? மேலும், 'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற வாக்கியத்தில் பார்த்துக்கொள்வது யார்? பீத்துணி அலசுவதும், கஞ்சி ஊட்டுவதும், இரவில் எழுந்து கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவதும் மருமகளோ மகளோதான். குடும்பம் என்று சொல்லி ஒரு பெண்ணின் முதுமையை இன்னொரு பெண்ணின் நடுவயதின் மேல் இறக்கி வைக்கிறோம்.

ஆணின் முதுமைக்கும் பெண்ணின் முதுமைக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் கணவனைவிட மனைவி வயதில் இளையவள். பெண்களின் ஆயுளும் கூடுதல். ஆகவே கணவனின் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள். அவளுடைய கடைசிக் காலத்தில் அந்த இடத்தில் யாரும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் அதன் பிறகு இன்னும் ஏறியிருக்கிறது. இங்கே முதுமை என்பது மேலும் மேலும் தனித்த பெண்களின் முதுமையாகிக்கொண்டிருக்கிறது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோர் மருத்துவத் துறை வந்துவிட்டது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமும் திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டியவைதாம். ஆனால் தென்காசியிலிருந்து கிண்டி அறுநூறு கிலோமீட்டர். ஆச்சிக்குத் துணைக்கு ஆள் வேண்டும், வழியில் சேலையை மாற்ற இடம் வேண்டும். அவருக்கு வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில், மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், கதவைச் சாத்திக்கொண்டு பரிசோதிக்க ஒரு பெண் மருத்துவர். நகரப் பேருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அவ்வளவு தூரம் அவர் தானே போய்விடுவார்.

இதற்கெல்லாம் புதிய திட்டம் தேவையில்லை. தன்னார்வலரின் நோட்டில் நான்கு கேள்விகள் கூட வேண்டும்: சிறுநீர் கசிகிறதா, அடி இறங்கியிருக்கிறதா, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா. வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சையாளர் முழங்காலோடு இடுப்புத்தளப் பயிற்சியையும் சொல்லித்தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெசரி வளையம் இருக்க வேண்டும். கேட்கும் பெண்ணுக்கு ஊக்கத்தொகைக்குப் பதில் ஊதியம் வேண்டும். கைரேகை பதியாதவருக்குப் பணம் வீட்டுக்கு வர வேண்டும். முதிய பெண்ணின் ஓய்வூதியம், எந்த ஆணும் எங்கே இருக்கிறான் என்று கேட்காமல், உரிமை என்ற பெயரில் வழங்கப்பட வேண்டும்.

ஆச்சியை அந்த மாதமே நான் கூட்டிப்போனேன். பார்த்த மருத்துவர் வளையம் பொருத்தினார். பத்து நிமிட வேலை. வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவுதானா பிள்ள?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுமாதம் மாத்திரைக்காரப் பெண் வந்தபோது ஆச்சி அவரை வாசலில் நிறுத்தவில்லை. கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் எங்கள் தெருவைவிட்டுப் போக வெகுநேரமானது.